கரண்ட் வைக்கலையா, தம்பி?

பிசியோதெரபி கிளினிக்கின் திரைகளுக்குப் பின்னால் தினமும் எழும், யாரும் உரக்கக் கேட்காத சில கேள்விகள்

மாலை ஆறரை மணி. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில், மருந்துக்கடைக்கு மேல்மாடி. முட்டிவலிக்காரர்களுக்கு அந்தப் படிக்கட்டுதான் முதல் சோதனை. உள்ளே பச்சைத் திரை போட்ட மூன்று கட்டில்கள், ஒரே ஒரு பிசியோ. முதல் கட்டிலில் அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா. முழங்காலின் இரு பக்கமும் ஈர ஸ்பாஞ்ச் வைத்த பேடுகளைப் பட்டை போட்டுக் கட்டுகிறார் அந்த இளைஞர். மெஷினில் பதினைந்து நிமிடம் வைக்கிறார். “எறும்பு ஊர்ற மாதிரி இருக்காம்மா?” என்கிறார். அந்த அம்மா தலையாட்டுவதற்குள் அடுத்த திரைக்குள் போய்விடுகிறார்.

எலும்பு டாக்டர் கொடுத்தனுப்பிய சீட்டில் இருப்பது ஒரே வரி: ஐ.எஃப்.டி., அல்ட்ராசவுண்ட், 10 நாள். பயிற்சி பற்றி ஒரு சொல் இல்லை. அந்த இளைஞர் நாலரை ஆண்டு படித்தவர். மூட்டுத் தேய்மானத்துக்குத் தொடைத் தசையை வலுவாக்குவதுதான் முக்கியம் என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதித் தேறியவர். ஆனால், அதைச் சொல்லிக்கொடுக்கக் குறைந்தது இருபது நிமிடம் கட்டில் பக்கத்திலேயே நிற்க வேண்டும். வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளில் இன்னும் ஐந்து பேர் காத்திருக்கிறார்கள்.

மெஷின் ‘பீப்’ என்கிறது. அந்த அம்மா எழுந்து, சுருக்குப் பையை அவிழ்க்கிறார். “நாளைக்கும் வரணுமாப்பா?”

“பத்து சிட்டிங் முடிக்கணும்மா.”

தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் இன்று மாலை நீங்கள் பார்க்கக்கூடிய காட்சி இது. இதில் வில்லன் யாருமில்லை. யாரும் யாரையும் ஏமாற்றத் திட்டமிடவில்லை. ஆனாலும் அந்த அம்மாவுக்குச் சொல்லப்பட வேண்டிய ஒன்று சொல்லப்படவில்லை. மருத்துவ அறம் என்றதும் சிறுநீரகத் திருட்டு, போலி டாக்டர் என்றே நமக்கு நினைவு போகிறது. இயன்முறை மருத்துவத்தில் அது பெரும்பாலும் இப்படித்தான், பதினைந்து நிமிட பீப் சத்தத்துக்குள் மறைந்து கிடக்கிறது.

ஒருவர் அறத்தோடு நடந்துகொள்ள நான்கு விஷயங்கள் கூடிவர வேண்டும் என்றார் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ரெஸ்ட். இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது என்பது முதலில் கண்ணில் பட வேண்டும். பிறகு எது சரி என்று தீர்மானிக்க வேண்டும், மற்ற லாபங்களைவிட அதற்கு முதலிடம் தர வேண்டும், கடைசிவரை செய்து முடிக்கும் துணிவும் வேண்டும். இயன்முறை மருத்துவத்தில் தடுக்கி விழுவது பெரும்பாலும் முதல் படியிலேயே. ஒரு நாளைக்கு முப்பது முறை செய்கிற வேலையில் சிக்கல் எப்படிக் கண்ணில் படும்?

பத்து சிட்டிங் கணக்கு

மெஷின்களே பித்தலாட்டம் என்று சொல்ல வரவில்லை. வலியில் துடிப்பவருக்குச் சற்று ஆறுதல் தந்து, பயிற்சிக்குத் தயார்படுத்த அவை உதவலாம். சிக்கல், அவையே முழுச் சிகிச்சை ஆகிவிடும்போது வருகிறது.

பிரிட்டனின் ‘நைஸ்’ அமைப்பு, எந்தச் சிகிச்சைக்கு ஆதாரம் இருக்கிறது என்று சலித்துப் பார்த்து வழிகாட்டுதல் வெளியிடும் அரசு அமைப்பு. 2016-ல் கீழ்முதுகு வலிக்கான வழிகாட்டுதலில் அல்ட்ராசவுண்ட், டென்ஸ், ஐ.எஃப்.டி. ஆகிய மின்சிகிச்சைகள், முதுகை இழுத்துவிடும் டிராக்‌ஷன் எதுவும் கொடுக்க வேண்டாம் என்றது. 2022-ல் மூட்டுத் தேய்மானத்துக்கான வழிகாட்டுதலிலும் இதே மின்சிகிச்சைகளுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று ஒதுக்கிவிட்டு, எல்லோருக்கும் உடற்பயிற்சி என்று எழுதியது. அமெரிக்க பிசியோதெரபி சங்கமே 2014-ல் தன் உறுப்பினர்களிடம், நோயாளி சும்மா படுத்திருக்க மெஷின் வேலை செய்யும் சிகிச்சைகளை, சுறுசுறுப்பான பயிற்சிக்குத் துணையாக அன்றிப் பயன்படுத்தாதீர்கள் என்றது. தன் தொழிலின் வருமானத்தில் கைவைக்கும் ஒரு வாக்கியத்தைத் தானே எழுதிக்கொண்ட சங்கம் என்ற வகையில் அதைப் பாராட்டத்தான் வேண்டும்.

நம்மூரில் நிலைமை தலைகீழ். இங்கே பிசியோவின் கூலி, சிட்டிங் கணக்கில். நோயாளிக்கும் மெஷின்தான் வைத்தியம். பயிற்சி மட்டும் சொல்லிக்கொடுத்து அனுப்பினால், “கரண்ட் வைக்கலையா, தம்பி? சும்மா கால நீட்டி மடக்கறதுக்கா காசு?” என்பார்கள். அடுத்த நாள் எதிர்த்தெரு கிளினிக்கில் இருப்பார்கள். அங்கே கரண்ட் வைக்கப்படும்.

இந்த நெருக்கடி உண்மையானது. ஆனால், நோயாளி கேட்டார் என்பதற்காகக் கொடுப்பது வியாபாரத்தில் சரி. சிகிச்சையில் கேட்டவருக்கு விளக்கம் கொடுத்தாக வேண்டும். ‘மெஷின் கொஞ்ச நேரம் வலியை மறக்கடிக்கும், வீட்டில் செய்யும் பயிற்சிதான் காலைத் தாங்கும்’ என்று சொல்ல அரை நிமிடம் போதும். அதைச் சொன்ன பிறகும் அவர் மெஷின் கேட்டால், அது தெரிந்தே அவர் எடுத்த முடிவு. சொல்லாமல் விட்டால், அவருக்கு முடிவெடுக்க எதுவுமே மிச்சமில்லை.

விளைவு பணத்தோடு நிற்பதில்லை. பத்து நாள் கூலியை விட்டுவிட்டு வந்த கட்டட வேலைக்காரர், பதினொன்றாம் நாள் வலி திரும்பியதும் ‘பிசியோவால் ஆகாது’ என்று தீர்மானிக்கிறார். உண்மையில் அவர் பிசியோதெரபியைப் பார்க்கவே இல்லை. அடுத்து வலி மாத்திரையை மருந்துக்கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்குகிறார். வயிறும் சிறுநீரகமும் அந்த வரவு செலவைப் பிறகு நேர் செய்கின்றன.

┌──────────────
பெட்டிச் செய்தி: ஒழுக்கக் கேள்வியில் பிறந்த தொழில்

1894-ல் லண்டனில் ‘மசாஜ்’ என்ற பெயரில் நடந்த பாலியல் தொழில் பெரிய பரபரப்பானது. பிரிட்டிஷ் மருத்துவ இதழ் எச்சரிக்கை விடுத்தது. நேர்மையாக அந்த வேலையைச் செய்துவந்த நான்கு பெண்கள், தங்கள் பெயரைக் காத்துக்கொள்ள அதே ஆண்டில் ஒரு சங்கம் தொடங்கினார்கள். அவர்கள் வகுத்த விதிகள்: மருத்துவர் சொல்லாமல் யாருக்கும் சிகிச்சை இல்லை, ஆண்களுக்குப் பொதுவாக மசாஜ் இல்லை, மருத்துவ இதழ்கள் தவிர வேறெங்கும் விளம்பரம் இல்லை, நோயாளியிடம் மருந்து விற்பது இல்லை. அந்தச் சங்கம்தான் இன்றைய பிரிட்டனின் பிசியோதெரபி சங்கம்.

அமெரிக்கச் சங்கம் 1935-ல் முதல் நெறிமுறையை வெளியிட்டது. நோயைக் கண்டறிவது முழுக்க மருத்துவர் பொறுப்பு என்றது அது. மருத்துவருக்குக் கீழ்ப்படிவதே அறம் என்றிருந்த அந்தக் காலத்திலிருந்து, நோயாளிக்குப் பதில் சொல்வதே அறம் என்ற இடத்துக்கு இத்தொழில் வந்துசேரப் பல பத்தாண்டுகள் ஆயின.
└──────────────

சீட்டு எழுதியவருக்குப் பங்கு

சீட்டை எழுதி அனுப்பும் டாக்டருக்குக் கமிஷன் போவது ஊரறிந்த ரகசியம். எல்லா டாக்டர்களும் வாங்குவதில்லை, எல்லா பிசியோக்களும் கொடுப்பதில்லை. ஆனால், புதிதாகக் கிளினிக் திறக்கும் ஒருவரிடம் “எவ்வளவு பர்சன்ட்?” என்ற கேள்வி வராத ஊர் குறைவு.

நோயாளியைப் பரிந்துரைத்ததற்காக மருத்துவர் எந்தக் கமிஷனும் வாங்கவோ கொடுக்கவோ கூடாது என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நெறிமுறை விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. அவற்றுக்குப் பதிலாக 2023 ஆகஸ்டில் வந்த புதிய விதிகள் அதே மாதத்தில் நிறுத்திவைக்கப்பட்டதால், பழைய விதிகளே தொடர்கின்றன. அவை மருத்துவரைத்தான் கட்டுப்படுத்தும். மேசையின் இந்தப் பக்கம் கவரை நீட்டும் பிசியோவை அவை தொடுவதில்லை.

கமிஷன் கொடுக்கும் கிளினிக்கின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். வாடகை, கரண்ட் பில், மெஷின் கடன் தவணை, டாக்டர் பங்கு. மிச்சம் வேண்டுமென்றால் இரண்டே வழி: சிட்டிங்கைக் கூட்டுவது, அல்லது ஒரே நேரத்தில் மூன்று திரைக்குள் ஓடுவது. ஆறு சிட்டிங்கில் விடை கொடுத்து அனுப்ப வேண்டியவரைப் பத்து வரை இழுப்பது இந்தக் கணக்கிலிருந்துதான் வருகிறது. அந்த பிசியோவின் மனசாட்சியை மட்டும் குறை சொல்லிவிட்டு நகர்வது சுலபம், நியாயமில்லை.

கமிஷனுக்கு இன்னொரு விலையும் உண்டு. சீட்டு எழுதியவரிடம் கேள்வி கேட்கும் உரிமையை அது வாங்கிவிடுகிறது. ‘டாக்டர், இவருக்கு ஷார்ட்வேவ் போடச் சொல்லியிருக்கிறீர்கள், ஆனால் முட்டியில் உலோக மூட்டு இருக்கிறது’ என்று போன் செய்ய வேண்டிய நேரத்தில் கை தயங்கும். உடலுக்குள் உலோகமோ, இதயத்தில் பேஸ்மேக்கரோ இருப்பவருக்கு, மின்காந்த அலையால் உள்ளே சூடேற்றும் அந்தச் சிகிச்சை ஆபத்து என்பது முதலிரண்டு ஆண்டுப் பாடம். அந்த போனைச் செய்யத்தான் ரெஸ்ட் சொன்ன நான்காவது விஷயம், துணிவு, வேண்டியிருக்கிறது.

தொடுகிற தொழில்

மருத்துவத் துறையில் நோயாளியை இவ்வளவு நேரம் தொட்டுக்கொண்டிருப்பவர்கள் குறைவு. இடுப்பு, தொடை, மார்புக்கூடு, கழுத்து. அதுவும் ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, வாரக்கணக்கில்.

“ஜாக்கெட்டைக் கொஞ்சம் இறக்குங்கம்மா” என்று ஓர் ஆண் பிசியோ சொல்லும்போது, தோள்பட்டை இறுகிப்போன ஐம்பது வயதுப் பெண்ணின் மனதில் என்ன ஓடும்? தோள் எலும்பின் அசைவை முதுகுப்பக்கம் பார்த்தாக வேண்டும், அது மருத்துவத் தேவை. ஆனால், எதற்காக, எங்கே, எவ்வளவு நேரம் தொடப்போகிறேன் என்று முதலிலேயே சொல்லி, சம்மதம் கேட்டு, ஒரு துண்டைக் கொடுத்து, மகளையோ பெண் உதவியாளரையோ அருகில் இருக்கச் சொன்னால் அது சிகிச்சை. எதையும் சொல்லாமல் கை போனால், நோக்கம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், அந்தப் பெண் மறுநாள் வரமாட்டார். ஏன் வரவில்லை என்று யாரிடமும் சொல்லவும் மாட்டார்.

சம்மதம் என்பது அட்மிஷன் பாரத்தின் கடைசிப் பக்கக் கையெழுத்து என்றே பலரும் நினைக்கிறார்கள். சமீரா கோலி வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது வேறு. சிகிச்சை என்ன, அதில் என்ன ஆபத்து, மாற்று வழி உண்டா என்பதை நோயாளி அறிந்து கொடுப்பதுதான் சம்மதம். ஒன்றுக்குக் கொடுத்தது இன்னொன்றுக்குச் செல்லாது. அது ஓர் அறுவைசிகிச்சை வழக்கு. கழுத்தை ‘டக்’கென்று திருப்பிவிடும் கைகளுக்கும் அந்த நியாயம் பொருந்தும். அந்தத் திருப்பலில், மிக அரிதாக என்றாலும், மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்திருக்கிறது. எத்தனை பேர் திருப்புவதற்கு முன் அதைச் சொல்கிறார்கள்?

திரைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அமெரிக்காவில் 2017-ல் வெளியான ஓர் ஆய்வில், பதிலளித்த பிசியோதெரபிஸ்டுகளிலும் மாணவர்களிலும் நூற்றுக்கு 84 பேர், தங்கள் பணிக்காலத்தில் நோயாளியிடமிருந்து தகாத பாலியல் நடத்தையைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். நம்மூரில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஹோம் விசிட் போகும் இளம்பெண் பிசியோக்களைக் கேட்டால் கதைகள் வரும், பெயர் போடாதீர்கள் என்ற நிபந்தனையோடு. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் (2013) வேலை நிமித்தமாகப் போகும் இடங்களையும் ‘பணியிடம்’ என்றே கணக்கில் எடுக்கிறது. அவரை அந்த வீட்டுக்கு அனுப்பிய கிளினிக் முதலாளிக்கு இது தெரியுமா என்பது சந்தேகம்.

தெரிந்தும் சொல்லாதது

இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு மதிப்பிட்டது. நீண்ட நாள் சர்க்கரை, பாதத்தின் உணர்ச்சியை மெல்லத் தின்றுவிடும். அந்தக் காலில் வெந்நீர்ப் பொதியை வைத்தால், சுடுகிறது என்று சொல்ல நோயாளிக்கே தெரியாது. இரண்டு சோதனைக் குழாய், ஒன்றில் வெந்நீர், ஒன்றில் குளிர்நீர். தொட்டுப் பார்த்து எது எது என்று கேட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். இதைச் செய்யாமல் விடுவதைக் கவனக்குறைவு என்கிறோம். மூன்று கட்டிலுக்கு ஒரே ஆளை வைத்த முடிவுக்கு என்ன பெயர்?

முதுகுவலி என்று வருபவர்களில் ஒரு சிலருக்கு உள்ளே வேறு கதை ஓடிக்கொண்டிருக்கும். இரவில் படுத்தாலும் குறையாத வலி, காரணமில்லாமல் இளைத்த உடம்பு என்றால் புற்றுநோயைச் சந்தேகிக்க வேண்டும். சிறுநீர் போவதே தெரியவில்லை, தொடையிடுக்கில் மரத்துப்போயிருக்கிறது என்றால் அது அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய அவசரம். தாமதித்தால் சிறுநீர்க் கட்டுப்பாடு நிரந்தரமாகப் போகலாம். ‘இது என் கையில் இல்லை, உடனே போங்க’ என்று அனுப்புவது அந்த நாள் வருமானத்தை அனுப்புவதும்தான்.

இதைவிடக் கடினம், நம்பிக்கையைப் பற்றிய பேச்சு. பக்கவாதம் வந்து ஒன்றரை ஆண்டாகிவிட்டது. மகன் வெளிநாட்டிலிருந்து மாதாமாதம் பணம் அனுப்புகிறார், வீடியோ காலில் கேட்கிறார்: “அப்பா நடந்துடுவார்ல சார்?” முன்னேற்றம் வேகமாக வருவது பொதுவாக முதல் சில மாதங்களில். அதன் பிறகும் வரும், ஆனால் மெதுவாக, கொஞ்சமாக. ‘நடந்துடுவார்’ என்றால் சிகிச்சை தொடரும், பணமும் தொடரும். ‘தனியாக நடப்பது கஷ்டம், ஆனால் கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தானே மாற, தன் கையால் சாப்பிட வைக்கலாம், அதற்கு வாரம் இரண்டு நாள் போதும், மீதியை அம்மாவுக்குச் சொல்லித் தருகிறேன்’ என்றால் வருமானம் பாதியாகும். இரண்டாவதைச் சொல்லும் பிசியோக்கள் இருக்கிறார்கள். அவர்களை யாரும் கூகுளில் ஐந்து நட்சத்திரம் கொடுத்துப் பாராட்டுவதில்லை.

வீட்டுக்குள் போகிறவர் கண்ணில் இன்னும் சில படும். கட்டிலோடு கட்டப்பட்ட கை, யாரும் திருப்பிப் படுக்கவைக்காததால் வந்த முதுகுப் புண். பேச முடியாத குழந்தையின் உடம்பில், விழுந்ததால் வந்திருக்க முடியாத காயம். குழந்தையிடம் பாலியல் வன்முறை நடந்திருப்பதாகத் தெரியவந்தால் தகவல் கொடுத்தே ஆக வேண்டும் என்கிறது போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவு. மறைத்தால் தண்டனை உண்டு. ‘அவங்க குடும்ப விஷயம்’ என்று இங்கே ஒதுங்க முடியாது.

┌──────────────
பெட்டிச் செய்தி: கட்டிலில் ஏறும் முன் கேளுங்கள்

• எனக்கு என்ன பிரச்சினை என்று நீங்கள் நினைக்கிறீர்கள்?
• இந்த மெஷின் எதற்கு? இல்லாமல் முடியாதா?
• எத்தனை சிட்டிங்? பாதியில் முன்னேற்றம் இல்லையென்றால் என்ன செய்வீர்கள்?
• வீட்டில் நான் செய்ய வேண்டியது என்ன?

சர்க்கரை, பேஸ்மேக்கர், உடலில் வைத்த பிளேட், கர்ப்பம் இவற்றை அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். பதில் சொல்லச் சலித்துக்கொள்பவரிடம் பத்து நாள் பேக்கேஜுக்கு முன்பணம் கட்டாதீர்கள்.
└──────────────

ரீல்ஸ் போட்ட ‘டக்’

கழுத்தில் மைக்கை ஒட்டி, எலும்பு சத்தம் தெளிவாகக் கேட்கும்படி எடுக்கப்படும் வீடியோக்கள் லட்சங்களில் பார்க்கப்படுகின்றன. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் குமிழி உருவாகும் சத்தம் அது. எலும்பு ‘இடத்தில் உட்கார்ந்த’ சத்தம் அல்ல. வீடியோ எடுப்பவருக்கு அது நன்றாகவே தெரியும்.

அதைவிட மோசமானது, மூளை முடக்குவாதம் உள்ள குழந்தை தசையை இழுக்கும்போது அலறுவதைப் பின்னணி இசையோடு போடுவது. ‘அம்மா சம்மதம் கொடுத்தாங்க’ என்பார்கள். சிகிச்சைக் கட்டணத்தில் சலுகை தருகிறவர் கேட்கும்போது எந்தத் தாய் மறுப்பார்? அந்தக் குழந்தைக்குப் பதினெட்டு வயதாகும்போதும் அந்த வீடியோ அங்கேதான் இருக்கும். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023-ல் தனிச் சட்டமே வந்துவிட்டது. கிளினிக் செல்போன்களுக்கு அந்தச் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை.

‘டாக்டர்’ சண்டையின் சத்தத்தில்

இந்தத் தொழிலுக்கு நாடு தழுவிய சட்டம் வந்ததே 2021-ல்தான். அதற்கு முன் டெல்லி, மகாராஷ்டிரா, குஜராத் போன்ற சில மாநிலங்களில் தனிக் கவுன்சில் சட்டங்கள் இருந்தன. தேசிய துணை மற்றும் சுகாதாரத் தொழில்களுக்கான ஆணையச் சட்டம், பதிவேட்டையும் தொழில் நெறிகளையும் ஒழுங்கு நடவடிக்கையையும் ஒரே குடையில் கொண்டுவர எண்ணியது. மாநிலங்கள் அசையாததால், உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் இரண்டு மாதக் கெடு விதிக்க வேண்டியிருந்தது. 2025-ல் வந்த புதிய பாடத்திட்டம், ஓராண்டுப் பயிற்சிக் காலம் உட்படப் படிப்பை ஐந்தாண்டாக்கியது.

அந்தப் பாடத்திட்டத்தில் எல்லோர் கண்ணிலும் பட்டது ஒன்றே ஒன்று: பெயருக்கு முன் ‘டாக்டர்’ போடலாம் என்ற வரி. 2025 செப்டம்பர் 9-ம் தேதி, மத்திய சுகாதாரச் சேவைகள் தலைமை இயக்குநரகம் போடக் கூடாது என்று கடிதம் எழுதியது. மறுநாளே அந்தக் கடிதத்தை வாபஸ் வாங்கியது. இரண்டு தரப்பும் தொலைக்காட்சி விவாதங்களில் மோதிக்கொண்டன.

பட்டம் முக்கியமில்லை என்று நான் சொல்லமாட்டேன். மருத்துவரின் சீட்டுக்குக் கட்டுப்பட்ட உதவியாளரா, தானே சோதித்து முடிவெடுக்கும் நிபுணரா என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது. நிபுணர் என்று கோருவது நியாயமே. ஆனால், ‘டாக்டர் எழுதினார், நான் போட்டேன்’ என்ற பதில் அப்புறம் செல்லாது. எத்தனை சிட்டிங், ஏன் அந்த மெஷின், ஏன் முன்பே ஆஸ்பத்திரிக்கு அனுப்பவில்லை என்பதற்கெல்லாம் அவரே பதில் சொல்ல வேண்டும். பட்டத்துக்காக எழுந்த குரல்களில் நூற்றில் ஒரு பங்கு, கமிஷனுக்கு எதிராக எந்தச் சங்கத்திலிருந்தாவது எழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

காசு இல்லாத இடத்திலும்

சிட்டிங் கூலியும் கமிஷனும்தான் பிரச்சினை என்றால், அவை இரண்டும் இல்லாத இடம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், பிசியோ அரசு வண்டியில் வீட்டுக்கே வருகிறார். நோயாளி பைசா தர வேண்டாம். மெஷின் கவர்ச்சியும் இல்லை. கையால் செய்யும் சிகிச்சையும் பயிற்சியும் வீட்டாருக்குச் சொல்லிக்கொடுப்பதும்தான்.

அங்கே கேள்வி வேறு உருவத்தில் வந்து நிற்கிறது. ஒரு வட்டாரம் முழுக்க விரிந்த பட்டியல், சுற்றிவர ஒரே ஆள். மூன்று மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்த நாற்பத்தைந்து வயது டிரைவருக்கு அடிக்கடி போனால், அவர் மறுபடி வேலைக்குத் திரும்பலாம். பல ஆண்டுகளாகப் படுத்த படுக்கையாக இருக்கும் பாட்டி வீட்டைத் தள்ளிப்போட்டால், கால்கள் இன்னும் மடங்கி இறுகும், புண் வரும், அவருக்காகப் பேச ஆளும் இல்லை. நடுவில் ஊர்த் தலைவர் தன் முதுகுவலிக்கு ஆள் அனுப்பச் சொல்லி போன் செய்வார். இந்த வாரம் யார் வீட்டுக்குப் போகாமல் இருப்பது?

அமெரிக்க அறவியலாளரும் பிசியோவுமான ரூத் பர்டிலோ, 2000-ம் ஆண்டு ஆற்றிய உரையில், தன் தொழில் முதலில் தன்னைப் பற்றியும், பிறகு நோயாளியைப் பற்றியும் யோசித்தது, இனி சமூகத்தைப் பற்றி யோசிக்க வேண்டும் என்ற பொருளில் பேசினார். வண்டியின் முன்சீட்டில் உட்கார்ந்து பட்டியலில் டிக் அடிக்கும் நம்மூர் பிசியோ, யாரும் சொல்லித்தராமலேயே அந்த மூன்றாவது வேலையைச் செய்துகொண்டிருக்கிறார். தனியாகச் செய்கிறார் என்பதுதான் குறை. மாதத்தில் ஒரு மதியம், வட்டார மருத்துவ அலுவலரும் செவிலியரும் அவரோடு உட்கார்ந்து, பட்டியலில் யார் முதலில், யார் பிறகு, ஏன் என்று மூவரும் சேர்ந்து எழுதி வைக்கலாம். புது அரசாணையோ நிதி ஒதுக்கீடோ இதற்குத் தேவையில்லை. ஊர்த் தலைவரின் போன் வரும்போது எடுத்துக்காட்ட அந்தப் பிசியோவுக்கு ஒரு தாளாவது கையில் இருக்கும்.